கணக்காயர் பெற்ற பரிசில்

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விழாவிலே, பரிசு வழங்கும் வேளையில் நிகழ்ந்த ஒன்றைக் காலனி அன்பர்கள் பலர் மறந்திருக்கக் கூடும். பத்தாம் வகுப்புத் தேர்வில் கணிதத்திற்கு நூற்றுக்கு நூறு பெற்ற நம் பிள்ளைகள் மூவரை மேடைக்கு அழைத்து, ஆளுக்கோர் எவர்சில்வர் குடமும் திருக்குறள் நூலும் வழங்கினோம். பெற்றோர் உளம் பூரித்தனர். புகைப்படமும் எடுத்தாயிற்று. அம்மூவர்க்கும் கணிதம் கற்பித்த ஆசிரியர் அவையின் நான்காம் வரிசையில் அமர்ந்து, எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார், காப்பி அருந்தினார், புத்தூர் செல்லும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்து போனார். அவரை மேடைக்கு அழைப்பார் ஒருவரும் இலர். அழைக்கத் தவறியோருள் நாமும் அடங்குவோம்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இப்பொருளை நாம் எழுப்பியபோது இரண்டு வினாக்கள் பிறந்தன. “பிள்ளைக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். கணக்கு வாத்தியாருக்குப் பரிசு என்று உலகத்தில் எங்கேயாவது உண்டா ஐயா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். “அவர் தெலுங்கர், தெலுங்கிலே கற்பிக்கிறவர். தமிழ்ச் சங்கத்துப் பணத்தை அதற்கு எடுக்கலாமா?” என்று மற்றொருவர் கேட்டார். இரண்டும் காழ்ப்பினால் எழுந்தவை அல்ல. சங்கத்தின் சிறு நிதியைக் காக்கும் கவலையால் எழுந்தவை. அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. சீட்டு விற்பனைக் கணக்கும் பேரேடும் எழுதிப் பழகிய கை நம்முடையது; பள்ளியிறுதிப் படிப்பிற்கு மேல் ஏறாதவர் நாம். ஆயினும் கேட்ட கேள்விக்குக் கணக்குக் காட்டாது விடுதல் நம் தொழிலுக்கே இழுக்கு ஆகையால், கிடைத்த நூல்களைப் புரட்டி அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

பழந்தமிழில் ஆசிரியனுக்குக் ‘கணக்காயன்’ என்று ஒரு பெயருண்டு. அங்கே கணக்கு என்பது எண்ணை மட்டுமன்றி எழுத்தையும் நூலையும் குறித்தது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று சங்கப் புலவர் ஒருவரைப் போற்றுகின்றோம். மகனுக்குப் பெயர் உண்டு. தந்தையோ தாமும் புலவராயிருந்தும் ‘மதுரை வாத்தியார்’ என்ற அளவிலே நின்றுவிட்டார். அவர் இயற்பெயரை நாம் அறியோம். இந்தக் குறை மிகப் பழையது என்பதைக் காட்டவே இதனை முதலில் எடுத்தோம்.

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளி ஆசிரியர் எண்சுவடியை ஓதுவித்தார். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாகாணி 16-இல் ஒன்று. இவற்றை மனத்தாலே பெருக்கியும் கூட்டியும் நெல்லளக்கவும் நிலமளக்கவும் பிள்ளைகளைப் பழக்கினார். அவருக்கு ஊதியம் பெரும்பாலும் நெல்லாகவும் அரிசியாகவும் வந்தது. பரிசில் என்று சொல்லத்தக்கது ஆண்டுக்கு ஒருமுறை நவராத்திரியில் கிடைத்தது. பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக் கோலாட்டம் அடித்துச் சென்று, பெற்ற காசையும் துணியையும் ஆசிரியர்முன் வைத்தனர். இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கு நாட்டிலும் தசராவின்போது ஆசிரியரே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெருவிற் செல்வார். அவருக்கு வராகனும் பிள்ளைகளுக்குப் பருப்பும் வெல்லமும் வேண்டிப் பாடுவர். நம் வடமாலபேட்டைப் பக்கத்து முதியோர் சிலர் இன்றும் அப்பாட்டை அறிவர். கணக்காயருக்கு ஊரார் கூடி அளித்த விருது அதுவே எனலாம். மாணவர் கையாலேயே வந்ததென்பது அதன் அழகு. பாடித்தான் பெற வேண்டியிருந்தது என்பது அதன் குறை.

அரசர்கள் கல்விக்கு ஈந்ததில்லையோ எனின், ஈந்தனர். விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழர் காலத்துக் கல்லூரியொன்றில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தமையைக் கல்வெட்டு கூறும். ஆயின் அங்கே கற்பிக்கப்பட்டவை வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் முதலியன. கணிதத்துக்கென ஓர் ஆசிரியரைக் காணோம். கோயிற் பண்டாரத்திலும் ஊர்ச்சபையிலும் கணக்கர் இன்றி ஒரு நாளும் கழியாத அந்நாளில், அக்கணக்கருக்குக் கற்பித்தவர் எந்தத் திண்ணையில் இருந்தாரோ!

தெளிவான சான்று ஒன்று வடக்கே கிடைக்கிறது. பாஸ்கராசாரியர் என்னும் பெருங்கணிதர் 1114-இல் பிறந்தவர். தம் 36-ஆம் வயதில், 1150-இல், ‘சித்தாந்த சிரோமணி’ இயற்றினார். அதன் முதற்பகுதியே ‘லீலாவதி’. கணக்குகளைப் பெண்ணொருத்தியை விளித்துக் கேட்கும் முறையில் அமைந்தமையால், அவள் அவருடைய மகள் என்றும், திருமண நாழிகை தவறியமையால் வருந்திய அவளைத் தேற்றவே தந்தை நூலெழுதினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1587-இல் அக்பரின் அவைப் புலவர் பைஸி அந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தபோது எழுதிய முன்னுரை வழியே இக்கதை பரவிற்று. கதை எவ்வாறாயினும், பாஸ்கரருடைய பேரர் சாங்கதேவர் செய்தது கல்லில் வெட்டப்பட்ட வரலாறு. யாதவ மன்னன் சிங்கணனிடம் தலைமைச் சோதிடராயிருந்த அவர், மராட்டிய நாட்டில் சாளிஸ்காவுக்கு அணித்தான பாடண் என்னும் ஊரில், தம் பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே ஒரு மடம் நிறுவினார். நிகும்ப குலத்துச் சிற்றரசன் சோயிதேவன் 1207-இல் அதற்கு அறக்கொடை வழங்கினான். ஒரு போரில் வென்றமைக்கோ கோயில் எடுத்தமைக்கோ அன்றி, கணிதமும் வானநூலும் மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்பதற்காக அளிக்கப்பட்ட கொடை அது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் இது நிகழ்ந்தது என்று முதல் வினாவை எழுப்பிய பெரியவர்க்குத் தெரிவித்துக் கொள்கின்றோம்.

இரண்டாம் வினாவுக்கும் இங்கேயே ஒரு குறிப்பு உண்டு. கன்னட நாட்டை ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 850-ஐ ஒட்டி, மகாவீரர் என்னும் சமண முனிவர் ‘கணித சார சங்கிரகம்’ என்ற நூலை வடமொழியில் எழுதினார். அதனைத் தெலுங்குச் செய்யுளாக்கியவர் பாவுலூரி மல்லனர். கணக்கு மட்டும் எந்த எல்லையிலும் சுங்கம் கட்டாமலே கடந்து வந்திருக்கிறது.

வெள்ளையர் காலத்துக்கு வருவோம். சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ஆண் அனாதைப் பள்ளிக்கு ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த பிள்ளையைக் கொண்டு இளைய பிள்ளைக்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்று அது உலகெங்கும் பேர் பெற்றது. 1832-இல் காலமான பெல் அவர்கட்கு வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் கல்லறை கிடைத்தது. அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் ஸ்காட்லாந்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மதராஸ் காலேஜ்’ என்றே பெயர். மணல் பரப்பி வைத்திருந்த நம் வாத்தியார் யாவர்? அவருடைய பெயரை எழுதி வைப்பாரில்லை.

நம் பாதையிலே உள்ள ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரக்கோணத்திலிருந்து புத்தூர், ரேணிகுண்டா, கடப்பை வழியாகப் பம்பாய் செல்லும் இருப்புப் பாதையில் கூத்தி என்னும் நிலையம் உண்டு. அவ்வூரில் துணை ஆட்சியராகப் பணியாற்றிய வி. இராமசாமி ஐயர் என்னும் தமிழர், 1906-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று நண்பர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார்: கணித நூல்களை வாங்கிப் பகிர்ந்து படிக்க ஒரு கழகம் வேண்டும் என்பது அதன் கருத்து. 1907-இல் அக்கழகம் அமைந்தது. அதுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. நாட்டின் முதுபெரும் கணித மன்றம், தெலுங்குச் சீமையில் ரெவின்யூ கோப்புகளுக்கிடையே ஒரு தமிழர் எழுதிய கடிதத்திற் கருக்கொண்டது என்பதை நம்மனோர் பலர் அறியார். பூனாவும் சென்னையும் பெருமை கொள்ளும்போது கூத்திக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

அந்த இராமசாமி ஐயரிடந்தான், அவர் திருக்கோவிலூருக்கு மாற்றலாகி வந்தபின், வேலையற்ற இளைஞர் ஒருவர் தம் நோட்டுப் புத்தகத்துடன் சென்று தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். நோட்டைப் பார்த்த ஐயர், இத்தகைய அறிவைக் கீழ்நிலைக் குமாஸ்தா வேலையில் அமிழ்த்தலாகாது என்று கருதி, கணிதம் அறிந்த சென்னை நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். குமாஸ்தாவாகிய நமக்கு இதைப் படிக்கையில் சற்றே சுருக்கென்றது. ஆயினும் ஐயர் எண்ணியது சரியே. அவ்விளைஞர் சீனிவாச இராமாநுசர். நெல்லூரில் ஆட்சியராயிருந்த இராமசந்திர ராவ் அவருக்கு மாதம் 25 ரூபாய் உதவினார். பின்பு 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இராமாநுசர் குமாஸ்தாவாகவே அமர்ந்தார் என்பது வேறு கதை.

அதற்கும் முன்பு, 1904-இல், கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் நடந்த பரிசளிப்பு விழா நம் கட்டுரைக்கு மிகவும் வேண்டப்படுவது. கணிதத்துக்கான இரங்கநாத ராவ் பரிசை இராமாநுசருக்கு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இம்மாணவனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது, அதற்கு மேலும் தரத்தக்கவன் என்ற பொருள்பட அவையில் கூறினார். பின்னாளில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டி கண்டதை, ஒரு பள்ளித் தலைமையாசிரியர் தம் ஊர் மேடையில் அன்றே கண்டுவிட்டார். தம்மினும் மிக்க மாணவனைக் கண்டு அஞ்சாமல், அழுக்காறு கொள்ளாமல், பலரறியச் சொல்வது எளிதன்று. அந்தச் சொல்லுக்காகக் கிருஷ்ணசாமி ஐயருக்கு ஒரு பதக்கம் தந்திருக்கலாம். அக்காலத்தில் அவ்வகைப் பதக்கம் இந்நாட்டில் மட்டுமன்று, எந்நாட்டிலும் இல்லை.

இது மிகையுரை அன்று. கணிதத்தில் பெயர் பெற்ற பீல்ட்ஸ் பதக்கம் 1936-இல் ஆஸ்லோவில் முதன்முதல் வழங்கப்பெற்றது. அது புதியன கண்டுபிடிக்கும் இளம் அறிஞர்க்குரியது. கற்பித்தலை ஆராய 1908-லேயே ரோமாபுரியில் உலகக் கணிதர் கூடி ஓர் ஆணையம் அமைத்தனர். ஜெர்மானியப் பேரறிஞர் பெலிக்ஸ் கிளைன் அதன் முதல் தலைவர். ஆணையம் பிறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்ற பின்னரே அதற்குப் பரிசு நினைவு வந்தது! 2003-ஆம் ஆண்டுக்குரியனவாகக் கிளைன் பெயராலும், டச்சு அறிஞர் ஹான்ஸ் பிராய்டெந்தால் பெயராலும் இரண்டு விருதுகள் முதன்முறை அறிவிக்கப்பட்டன. முன்னது வாழ்நாட் பணிக்கு. பின்னது தொடர்ந்த ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு. கிளைன் விருதை முதலிற் பெற்ற கீ புரூசோ, பிரான்சில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். பிராய்டெந்தால் விருதை முதலிற் பெற்றவர் இங்கிலாந்தின் சீலியா ஹாயில்ஸ் அம்மையார்.

இவையும் ஆராய்ச்சியாளர்க்கே பெரிதும் உரியன. வகுப்பறைப் பணிக்கென்று மூன்றாவதாக ஏற்பட்டது எம்மா காஸ்தெல்னுவோவோ விருது. இவ்வம்மையாரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். 1913-இல் ரோமில் பிறந்தவர், கணிதப் பேராசிரியரின் மகள், யூதர். 1938-இல் அரசுப் பள்ளியில் ஆசிரியப் பதவிக்குத் தேர்வு பெற்ற வேளையில், முசோலினி அரசின் இனச் சட்டம் அவரைப் பணியில் சேரவொட்டாமல் தடுத்தது. பள்ளிகளிலிருந்து விரட்டப்பட்ட யூதப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட பள்ளியில் அவர் கணிதம் கற்பித்தார். போர் முடிந்தபின் ரோமின் நடுநிலைப் பள்ளியில் 1979 வரை ஆசிரியையாகவே இருந்தார். வடிவியலைச் சூத்திரத்திலிருந்து தொடங்காமல், குச்சியும் கயிறும் தாளும் கொண்டு கண்ணால் காணச் செய்து தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1948-இல் அம்முறையில் பாடநூலும் எழுதினார். அவருடைய நூறாம் பிறந்த ஆண்டாகிய 2013-இல் விருது நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். 2016-இல் ஹாம்பர்க் மாநாட்டில் முதல் விருதை இங்கிலாந்தைச் சேர்ந்த பர்க்கார்ட், ஸ்வான் என்னும் இருவர் பெற்றனர். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெயரால் அன்றி, சிறுவர்க்குக் கற்பித்த பள்ளியாசிரியை ஒருவர் பெயரால் உலக விருது அமைந்தது நமக்கு மிக்க மகிழ்ச்சி தருகின்றது.

இனி நம் மாநிலங்களுக்கு அணித்தாக நிகழ்ந்ததைக் கூறுவோம். 2010 ஆகஸ்டு திங்களில் உலகக் கணித மாநாடு முதன்முறையாக இந்தியாவில், ஐதராபாத்தில் கூடிற்று. கணிதத்தைப் பொதுமக்களிடம் கொண்டு செல்வோர்க்கென இந்தியர் சார்பில் பத்து இலட்ச ரூபாய்ப் பரிசு ஒன்று அப்போது ஏற்படுத்தப்பட்டது. அதன் பெயர் லீலாவதி விருது! சாங்கதேவர் மடம் அமைத்து எண்ணூறு ஆண்டுகள் சென்றபின் பாட்டனாரின் நூற்பெயர் மீண்டும் கொடை வடிவில் வந்தது. முதல் விருதைப் பெற்றவர் சைமன் சிங். பஞ்சாபி மரபில் வந்த ஆங்கில எழுத்தாளர். ஒரு முறைக்கென்று தொடங்கிய அதனை உலகக் கணித ஒன்றியம் நிலையானதாக ஏற்றுக்கொண்டது. 2014-இல் அர்ஜென்டினாவின் பாயென்சா, 2018-இல் கணிதத்துக்கென ஒரு கிராமமே அமைத்த துருக்கியின் அலி நெசின், 2022-இல் ருஷ்யாவின் ஆந்திரேயெவ் என்று அது நாடு கடந்து சென்று வருகின்றது.

நம் நாட்டு அரசு 1958 முதல் நல்லாசிரியர்க்குத் தேசிய விருது வழங்கி வருகிறது. அது கணிதத்துக்கென்று தனியே அமைந்ததன்று; எல்லாப் பாடத்தாரும் அதனுள் அடங்குவர். விருது நாளாகிய செப்டம்பர் 5 எவருடைய பிறந்தநாள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயின் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி நம் இருப்புப் பாதையிலேயே இருப்பதையும், அவர் சிறுவயதில் திருப்பதியிலிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியிற் படித்ததையும் இங்கே நினைவூட்டுகின்றோம். 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நம் புத்தூர்ப் பகுதி ஆந்திரத்திலேயே நின்றது. கோடு இடையிலே விழுந்தது. இரு பக்கத்தாரும் அவரைத் தம்மவர் என்றே கூறிக்கொள்கின்றனர். 2018 முதல் ஆசிரியர் தாமே விண்ணப்பித்துத் தம் சிறப்பைக் கணினி வழியே எடுத்துரைக்க வேண்டும் என்று விதி மாறியுள்ளது. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரும் கற்பிக்கத் தெரிந்தவரும் எப்போதும் ஒருவரே ஆவரோ என்பது, கோப்புகளோடு வாழும் நமக்கு எழும் ஐயம்.

சென்னையில் 1965-இல் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் தோன்றிப் போட்டிகளும் இதழ்களும் நடத்தி வருவது பெற்றோர் பலர் அறிந்ததே. தனியொருவராக நின்று உழைத்த பி. கே. சீனிவாசன் அவர்களை அவ்வளவாக எவரும் அறியார். 1924-இல் பிறந்து 2005-இல் மறைந்த அவர், சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். இராமாநுசரின் கடிதங்களையும், அவரோடு பழகியோரின் நினைவுகளையும் தேடித் தேடித் திரட்டினார். அத்தொகுதிகளை 1968-இல் அப்பள்ளியே வெளியிட்டது. இன்று இராமாநுசரைப் பற்றி எழுதும் அறிஞர் எவரும் அத்தொகுதிகளைத் தொடாமல் எழுதுவதில்லை. அமெரிக்காவில் ஓராண்டும் நைஜீரியாவில் ஆறாண்டும் பணியாற்றினார். முதுமையில் இராயபுரத்தில் இராமாநுசர் காட்சியகத்தை வளர்த்தார். இவை யாவற்றினும் நமக்கு முதன்மையாகப் படுவது ஒன்று: அவர் சிறுவர்க்கான கணித நூல்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியதோடு அமையாமல், தெலுங்கிலும் எழுதினார். சென்னையிலிருந்த தமிழாசான் ஒருவர் தெலுங்குப் பிள்ளைக்கு நூல் எழுத, தெலுங்கு ஆசான் ஒருவர் இங்கே தமிழ்ப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்ல, கொடுக்கல் வாங்கல் நேராகவே இருக்கின்றது. நம் பேரேட்டில் பற்று எழுதிவிட்டு வரவை விட்டுவிடலாமா என்று இரண்டாம் வினாவை எழுப்பிய அன்பரைக் கேட்கின்றோம்.

இக்குறிப்புகளைச் சென்ற கூட்டத்தில் படித்தோம். மூத்த உறுப்பினர் பாடண் கல்வெட்டை இருமுறை கேட்டார். “அப்படியா சேதி” என்றார். இரண்டாம் அன்பர் நெடுநேரம் பேசாதிருந்து, தம் பேத்திக்கு இயற்கணிதம் வராமல் அழுத நாட்களில் அவ்வாசிரியர் மாலைதோறும் அரைமணி நேரம் இருத்திச் சொல்லிக் கொடுத்ததையும், காசு நீட்டியபோது வாங்க மறுத்ததையும் தாமே கூறினார். அவ்வாசிரியர் இக்கல்வியாண்டின் முடிவில் ஓய்வு பெறுகின்றார். இவ்வாண்டு விழாவில் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடையும், பெயர் பொறித்த வெள்ளித் தட்டும் அளிப்பதெனத் தீர்மானம் நிறைவேறியது. செலவு போக மீதி சங்கத்தின் கையிருப்பில் தங்கும் அளவுக்குப் பொருளாளரும் இசைந்தார். தட்டில் பெயரைத் தமிழெழுத்தில் பொறிப்பதா, தெலுங்கெழுத்தில் பொறிப்பதா, இரண்டும் அடங்குமளவுக்குப் பெரிய தட்டாக வாங்குவதா என்பது மட்டும் இம்மலர் அச்சேறும் வரையில் முடிவாகவில்லை.